ரெட் ஒயின்: எந்தத் திராட்சை உங்கள் நாக்குக்கு?

ரெட் ஒயின் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் விலையைப் பார்க்கிறார், பிறகு நாட்டைப் பார்க்கிறார். திராட்சையின் பெயர் கடைசியில்தான் கண்ணில் படுகிறது. அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். கேபர்னே சோவின்யோனும் பினோ நுவாரும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், இரண்டும் ரெட் ஒயின்தான். ஆனால் பால் ஊற்றாத ஸ்ட்ராங் டீக்கும் லெமன் டீக்கும் உள்ள தூரம் அவற்றுக்கு நடுவே இருக்கிறது. ஒன்று பிடிக்கவில்லை என்பதற்காக ரெட் ஒயினே பிடிக்காது என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் வகைகளை இங்கே துவர்ப்பு, புளிப்பு, மணம் என்ற மூன்றையும் கொண்டு எடைபோட்டிருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் பலர் முதன்முதலாக ருசித்த ரெட் ஒயின் கோவாவின் போர்ட் ஒயினாக இருக்கும், இல்லையென்றால் கிறிஸ்துமஸுக்காக வீட்டில் திராட்சையும் சர்க்கரையும் போட்டு ஊறவைத்ததாக இருக்கும். இரண்டும் இனிப்பு. திராட்சையின் பெயர் போட்டு விற்கும் சாதாரண ரெட் ஒயினில் இனிப்பு அநேகமாக இருக்காது. சர்க்கரை பெரும்பாலும் லிட்டருக்கு 4 கிராமுக்கும் கீழேதான். முதல் வாயிலேயே "கெட்டுப்போச்சு போல" என்று பலர் கீழே வைப்பது இதனால்தான். லேபிளில் 'ட்ரை' என்று இருந்தால் இனிப்பு இல்லை என்று மட்டும்தான் பொருள். நாக்கு வறண்டுபோவதற்கும் அந்தச் சொல்லுக்கும் தொடர்பில்லை, அது துவர்ப்பின் வேலை.

துவர்ப்பிலிருந்து தொடங்குங்கள்

ஒயின்காரர்கள் டானின் என்று சொல்வது நமக்குப் புதிதல்ல. அறுசுவையில் அதற்கென்று ஓர் இடமே ஒதுக்கி வைத்திருக்கிறோம். நாவல்பழம், வாழைப்பூ, நெல்லிக்காய், கொட்டைப்பாக்கு எல்லாம் வாயில் செய்கிற அதே வேலையைத்தான் டானினும் செய்கிறது. எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை நீக்கிவிடுகிறது. வழவழப்பு போய்விடுவதால் ஈறும் கன்னத்தின் உட்புறமும் சொரசொரவென்று ஆகின்றன.

அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு கறுப்புத் திராட்சை போதும். கம்பம் பன்னீர் திராட்சையே இருந்தாலும் சரி. தோலை உரித்துச் சதையைத் தனியே சாப்பிட்டால் இனிப்பும் புளிப்பும்தான் இருக்கும், சாற்றில் நிறமும் இருக்காது. இப்போது தோலை மட்டும் இருபது முறை மெல்லுங்கள், பிறகு விதையைக் கடியுங்கள். வாய் இழுத்துப் பிடிக்கும். ரெட் ஒயினின் நிறமும் துவர்ப்பும் இப்படித் தோலிலிருந்தும் விதையிலிருந்தும்தான் வருகின்றன. ஓக் பீப்பாய் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். சாற்றைத் தோலோடு சேர்த்துப் புளிக்கவைப்பதால்தான் அது ரெட் ஒயின் ஆகிறது. சாப்பிடுகிற திராட்சை பெரிதாகவும் சதைப்பற்றாகவும் இருக்கும். ஒயின் திராட்சை சிறியது. சாற்றின் அளவோடு ஒப்பிட்டால் தோலும் விதையும் அதிகம். பழம் சிறிதாக, தோல் தடிப்பாக இருக்கிற வகையில் துவர்ப்பும் கூடுதலாக இருக்கும்.

உங்களுக்கு எவ்வளவு துவர்ப்பு பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள பாட்டில் வாங்க வேண்டாம், இரண்டு டீ பை போதும். இரண்டு கப்பில் 150 மில்லி கொதிநீர் ஊற்றுங்கள். ஒன்றில் பையை 2 நிமிடமும் மற்றதில் 8 நிமிடமும் விடுங்கள். சர்க்கரை வேண்டாம். ஆறவைத்து மாற்றி மாற்றிக் குடியுங்கள். எட்டு நிமிட டீ சுகமாக இருந்தால் கேபர்னே சோவின்யோன் உங்களுக்கு ஒத்துவரும். இரண்டு நிமிட டீயே போதும் என்று தோன்றினால் பினோ நுவார், காமே பக்கம் போங்கள். இரண்டும் பரவாயில்லை என்றால் சிரா, மெர்லோ, டெம்ப்ரனியோ. கடைசியாக எட்டு நிமிட டீயில் ஒரு ஸ்பூன் பால் விட்டுப் பாருங்கள். துவர்ப்பு உடனே அடங்கும், ஏனென்றால் எச்சிலின் புரதத்துக்குப் பதிலாகப் பாலின் புரதத்தை டானின் பிடித்துக்கொள்கிறது. துவர்ப்பான ஒயினோடு ஆட்டிறைச்சியும் சீஸும் ஏன் பொருந்துகின்றன என்பதற்கும் விடை இந்தக் கப்பிலேயே இருக்கிறது.

புளிப்பைக் கண்டுபிடிப்பது எளிது. விழுங்கிய பிறகு தாடையின் இரண்டு பக்கமும் எச்சில் ஊறினால் புளிப்பு அதிகம். குளிர்ந்த ஊரில் விளைந்ததில் புளிப்பு நிற்கும், வெயில் ஊரில் பழுத்ததில் குறையும். புளிக்குழம்பும் ரசமும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்குப் புளிப்பான ஒயின் பயமுறுத்தாது. துவர்ப்புதான் பழக நாளாகும்.

கேபர்னே சோவின்யோன், மெர்லோ

உலகம் முழுக்கப் பயிராவதால் முதல் பாட்டிலாகப் பலர் கையில் மாட்டுவது கேபர்னே சோவின்யோன். கேபர்னே ஃப்ராங்கும் வெள்ளைத் திராட்சையான சோவின்யோன் பிளாங்கும் தானாகக் கலந்து பிறந்தது இது என்று கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மரபணு ஆய்வு செய்து 1997-ல் காட்டினார்கள். சின்னப் பழம், தடித்த தோல், நிறைய விதை. பிளாக்கரண்ட் பழம், தேவதாருக் கட்டை மணம். நன்றாகப் பழுத்து, சில வருடம் பாட்டிலில் இருந்து, பக்கத்தில் வாட்டிய இறைச்சியும் இருந்தால் மிகச் சிறப்பு. அது எதுவும் இல்லாமல் மலிவாக, இளசாக, வெறும் வயிற்றில் குடித்தால் முரட்டு ஒயின். தாமதமாகப் பழுக்கிற வகை என்பதால் அவசரப்பட்டுப் பறித்தால் பச்சைக் குடைமிளகாய் வாடை அடிக்கும். அந்த வாடை வந்தால் ஒயின் கெட்டுவிட்டது என்று பொருளல்ல, பழம் பழுக்கவில்லை என்றுதான் பொருள். முதல் பாட்டிலுக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மெர்லோ அதன் மென்மையான உறவு. முன்பே பழுக்கும், ப்ளம் பழ வாசனை, துவர்ப்பு நடுத்தரம். யாரையும் எதிர்க்காது, ஆனால் மலிவான பாட்டில்களில் ஞாபகத்திலும் நிற்காது. சிலியில் வெகுகாலம் மெர்லோ என்று நினைத்து வளர்த்த கொடிகளில் பல உண்மையில் கார்மெனேர் என்று 1994-ல்தான் தெரிந்தது.

பினோ நுவார், காமே

பினோ நுவாரின் தோல் மெல்லியது. கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரியும், நிறம் அவ்வளவு வெளிர். செர்ரி, ஸ்ட்ராபெரி, வயதாக ஆக மழையில் நனைந்த இலைச்சருகு, காளான். புளிப்பு அதிகம், துவர்ப்பு குறைவு. பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் வரும் ரெட் ஒயினெல்லாம் பெரும்பாலும் இதுதான். வளர்ப்பது கஷ்டம்: சீக்கிரம் துளிர்ப்பதால் வசந்த காலப் பனி கருக்கும், மெல்லிய தோல் என்பதால் ஈரத்தில் அழுகும், வெயில் ஊரில் மணமே இல்லாமல் போய்விடும். ஆகவே நல்ல பினோ விலை குறைவாகக் கிடைப்பது அரிது. அலமாரியிலேயே மலிவான பினோவை எடுக்காதீர்கள், அது பெரும்பாலும் சிவப்புத் தண்ணீராகவே இருக்கும்.

அதே காசுக்குக் காமே வாங்குங்கள். 1395-ல் பர்கண்டியின் கோமகன் பிலிப் இந்தத் திராட்சையைத் தன் நிலத்திலிருந்து பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டார். அது தெற்கே பொஜொலேயின் கருங்கல் மண்ணில் காலூன்றிக்கொண்டது. அங்கே குலைகளை நசுக்காமல் முழுசாகத் தொட்டியில் போடுவார்கள். தொட்டியில் கரியமில வாயு நிரம்பிவிடுவதால் பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்குகிறது. தோலின் நிறம் சாற்றில் சேரும், துவர்ப்பு அதிகம் சேராது. நவம்பர் மூன்றாம் வியாழன் வெளியாகும் புது ஒயினான பொஜொலே நூவோவில் வாழைப்பழ வாசனை வருவதும் இந்த முறையால்தான். அது வெறும் உற்சாக பானம். லேபிளில் மோர்கோன், ஃப்ளோரி, மூலான்-ஆ-வான் என்று ஊர்ப் பெயர் போட்டு வருபவை வேறு தரம். பொஜொலேயில் அப்படிப் பெயர் பெற்ற ஊர்கள் பத்து உண்டு. குளிரவைத்துக் குடிக்கலாம், காரத்தோடு சண்டை போடாது. ரெட் ஒயினுக்குப் புதியவருக்கு எங்கள் முதல் சிபாரிசு இதுதான்.

சிரா என்கிற ஷிராஸ்

மிளகு தின்று வளர்ந்தவர்களுக்கென்றே ஒரு திராட்சை உண்டென்றால் அது சிராதான். இந்த மதிப்பீட்டில் முதலிடத்தை அதற்குத் தயக்கமின்றிக் கொடுக்கிறோம். பிரான்ஸில் சிரா, ஆஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும் ஷிராஸ். ஈரானின் ஷிராஸ் நகரிலிருந்து வந்தது என்ற கதையை மரபணு ஆய்வு தள்ளிவிட்டது. துரேசா, மொந்தேஸ் பிளான்ஷ் என்ற இரண்டு பிரெஞ்சுத் திராட்சைகளின் பிள்ளை அது.

இதன் மிளகு வாசனை வெறும் உவமை இல்லை. ரோட்டண்டோன் என்ற மூலக்கூறுதான் காரணம் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008-ல் வெளியிட்டார்கள். கறுப்பு மிளகில் மணப்பதும் இதே மூலக்கூறுதான். மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும், ஆனால் ஐந்து பேரில் ஒருவருக்கு இது தெரியவே தெரியாது. மேசையில் நான்கு மிளகை நசுக்கி வைத்துவிட்டு அதையும் கோப்பையையும் மாறி மாறி முகர்ந்து பாருங்கள். "எனக்கு மிளகே தெரியலையே" என்று ஒருவர் சொன்னால் அவர் மூக்கைக் குறை சொல்லாதீர்கள். அவர் அந்த ஐந்தில் ஒருவராக இருக்கலாம்.

குளிர்ந்த இடத்தில் ரோட்டண்டோன் கூடும், வெயிலில் குறையும். ஒரே திராட்சை இரண்டு முகம் காட்டுவதற்கு இது ஒரு பெரிய காரணம். பிரான்ஸின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கில் எர்மிதாஜ், கோத்-ரோத்தி, கோர்னாஸ் போன்ற சரிவுகளில் விளைவது மிளகு, ஆலிவ், புகைபோட்ட இறைச்சி என்று காரசாரமாக இருக்கும். விலையும் அப்படியே. அதே சுவையைக் குறைந்த விலையில் தருவது க்ரோஸ்-எர்மிதாஜ். ஆஸ்திரேலியாவின் பரோசா ஷிராஸ் எதிர்த் திசை: கறுப்புப் பழ ஜாம், சாக்லேட், 14.5, 15 சதவீத ஆல்கஹால். குளிர்ந்த இரவில், சாப்பாட்டுக்குப் பிறகு நன்றாக இருக்கும். காரமான சாப்பாட்டோடு மட்டும் வேண்டாம்.

இந்திய பாட்டில் எடுப்பதானாலும் ஷிராஸையே முதலில் எடுங்கள் என்பது எங்கள் கருத்து. நாசிக்கில் கொடியை வருடத்துக்கு இருமுறை கவாத்து செய்து, மழைக்குப் பிந்தைய குளிர்காலத்தில் காய்க்க வைத்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்கிறார்கள். அந்தப் பருவத்தில் ஷிராஸ் ஒழுங்காகப் பழுத்துவிடுகிறது, கேபர்னேயைப் போலப் பச்சை வாடையில் நிற்பது குறைவு. 1999-ல் நாசிக்கில் தொடங்கிய சூலா நிறுவனத்தின் ஷிராஸ் பல கடைகளில் கிடைக்கும். பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலை அடிவாரத்து க்ரோவர் நிறுவனத்தின் லா ரிசர்வ், கேபர்னேயும் ஷிராஸும் கலந்தது. கலவையில் ஷிராஸ் கேபர்னேயின் முரட்டுத்தனத்தைத் தணிக்கிறது. துவர்ப்பு ஓரளவு பழகியவருக்கு அது சரியான அடுத்த படி.

மற்றவை சுருக்கமாக

அர்ஜென்டினாவின் மால்பெக் ஊதா மை போன்ற நிறத்தைக் காட்டிப் பயமுறுத்தும், வாயில் மென்மைதான். மெண்டோசாவில் உயரமான இடத்தில் விளைவதால் பழுத்தும் புளிப்பு போகாது. பணத்துக்கு மதிப்பு என்று பார்த்தால் இந்த வரிசையில் நம்பகமானது இதுவே, அதிகம் ஏமாற்றாது.

ஸ்பெயினின் ரியோஹா ஒயினில் பெரும்பங்கு டெம்ப்ரனியோ. இதில் வாங்குபவருக்கு ஒரு வசதி உண்டு. வயதை லேபிளே சொல்லிவிடும். க்ரியான்சா என்றால் குறைந்தது 2 வருடம் வைத்தது, அதில் 1 வருடம் ஓக் பீப்பாயில். ரிசர்வா 3 வருடம், கிரான் ரிசர்வா 5 வருடம். பல இடங்களில் அமெரிக்க ஓக் பயன்படுத்துவதால் வெனிலாவும் தேங்காயும் மணக்கும். வேறு நாட்டு ஒயினை வாங்கி வீட்டு வெயிலில் பழுக்கவைக்கிற வேலை நமக்கு ஆகாது. பழுத்தே வருகிற ரியோஹா ரிசர்வா நம் வீடுகளுக்கு ஏற்றது.

இத்தாலியின் சாஞ்சியோவேசே, அதாவது கியாந்தி ஒயினின் திராட்சை, புளிப்பும் துவர்ப்பும் இரண்டும் உள்ளது. தக்காளி போட்ட எதனோடும் போகும். பரோலோவின் நெபியோலோ நிறத்தில் வெளிர், துவர்ப்பில் பாக்கு. அவசரப்பட வேண்டாம், கடைசியில் வாருங்கள்.

ஐரோப்பிய லேபிள் பலதில் திராட்சையின் பெயரே இருக்காது, ஊர் மட்டும்தான். மெதோக் என்றால் பெரும்பாலும் கேபர்னே, சாந்த்-எமிலியோன் என்றால் மெர்லோ, சிவப்பு பர்கண்டி என்றால் பினோ நுவார், பொஜொலே என்றால் காமே என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். பெயர் போட்டிருந்தாலும் முழுக்க அதுவே என்று எண்ண வேண்டாம். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 85 சதவீதம், அமெரிக்காவில் பொதுவாக 75 சதவீதம் இருந்தாலே அந்தப் பெயரைப் போடலாம்.

நல்ல ஒயினை வீட்டில் கெடுக்கும் தவறுகள்

முதல் தவறு சூடு. ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது குளிர்நாட்டுக் கல்வீடுகளுக்குச் சொன்னது. சென்னை அறையின் 30 டிகிரியில் ஆல்கஹால் மூக்கில் ஏறும், பழ வாசனை மங்கும். சிரா, கேபர்னேக்கு 16 முதல் 18 டிகிரி, பினோவுக்கு 14, காமேக்கு 12 அல்லது 13. மேசையில் இருந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் சுமார் ஒன்றரை மணி நேரம் வைத்தால் 17 டிகிரிக்கு அருகில் வரும். அவசரமென்றால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், பத்து நிமிடம். ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலைச் சுற்றி இடைவெளி விழும், குளிர் ஏறாது. அதிகம் குளிர்ந்துவிட்டாலும் துவர்ப்பு கடுக்கும். கோப்பையைக் கையில் பிடித்து இரண்டு நிமிடம் பொறுங்கள்.

அடுத்தது கோப்பை. மேல்வாய் குறுகிய பெரிய கண்ணாடிக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். காலியாக இருக்கும் அந்த இடத்தில்தான் மணம் கூடுகிறது. எவர்சில்வர் டம்ளரில் மணம் பறந்துவிடும், நிறமும் தெரியாது.

சாப்பாட்டில் முக்கியமான பொருத்தமின்மை மிளகாய். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் இன்னும் கூட்டும், துவர்ப்பும் அதிகமாகத் தெரியும். ஆந்திரா கோங்குரா மட்டனோடு 15 சதவீத பரோசா ஷிராஸ் வைத்தால் இரண்டுமே வீண். மிளகு தூக்கலாகவும் மிளகாய் அடக்கமாகவும் செய்த ஆட்டுக்கறிச் சுக்காவுக்கு 13 சதவீத க்ரோஸ்-எர்மிதாஜ் நன்றாகச் சேரும். மீன் குழம்பை விட்டுவிடுங்கள். ஒயினில் உள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து கவுச்சியைக் கிளப்பும்.

திறந்ததும் வருகிற குறைகளில் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நனைந்த அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடித்த சாக்கு வாடை என்றால் கார்க்கில் கோளாறு. அது சரியாகாது, கடையில் திருப்பிக் கேட்கலாம். அழுகிய முட்டை, தீக்குச்சி வாடை என்றால் பயப்பட வேண்டாம். கோப்பையைச் சுழற்றிப் பத்து நிமிடம் காற்றாட விட்டால் பெரும்பாலும் போய்விடும். கார்க் மேலெழும்பி, கழுத்தில் பிசுபிசுப்பு கசிந்த பாட்டில் வெயிலில் கிடந்தது; வாங்கவே வாங்காதீர்கள். நம் ஊர்க் கடைகளில் அடிக்கடி சந்திக்க வேண்டியது இந்த மூன்றாவதைத்தான். அதனால் கண்ணாடி ஷோகேஸின் வெயில் பக்கம் நிற்பதை விட்டு உள்ளே இருப்பதைக் கேளுங்கள். திருகு மூடி கண்டால் தரம் குறைவு என்று நினைக்க வேண்டாம், அதில் கார்க் கோளாறுக்கு அநேகமாக இடமில்லை.

உங்கள் வகையைக் கண்டுபிடிக்க

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் மூன்று பாட்டில் போதும். ஏறக்குறைய ஒரே விலையில் ஒரு காமே அல்லது பினோ, ஒரு மெர்லோ அல்லது மால்பெக், ஒரு ஷிராஸ். பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி எண் போடுங்கள். சுற்றியவர் ஊற்றக் கூடாது. தலைக்கு 50 மில்லி வீதம், வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு. நடுவில் உப்பில்லாத ரொட்டியும் தண்ணீரும். ஒவ்வொன்றுக்கும் துவர்ப்பு, புளிப்பு, மணம் மூன்றுக்கும் ஐந்துக்கு மதிப்பெண் எழுதிவிட்டு, பிறகு சாப்பாட்டோடு மறுபடி ருசித்து இன்னொரு தடவை எழுதுங்கள். தனியாக முதலிடம் வந்தது சாப்பாட்டோடு மூன்றாமிடத்துக்கு இறங்குவது சகஜம். சாப்பாட்டோடு குடிப்பவராக இருந்தால் இரண்டாவது மதிப்பெண்ணை நம்புங்கள். அடுத்த சுற்றில், ஜெயித்த திராட்சையை மட்டும் இரண்டு நாடுகளிலிருந்து எடுத்து ஒப்பிடுங்கள்.

அளவை 50 மில்லியில் நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. 13 சதவீத ஒயினில் 150 மில்லி என்பது சுமார் 15 கிராம் சுத்த ஆல்கஹால். உடலுக்குத் தீங்கில்லாத அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது, ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது என்று யாரும் குடிக்கத் தொடங்க வேண்டாம். ருசி பார்ப்பவர்கள் துப்புவதற்கென்று ஒரு கிண்ணம் வைத்துக்கொள்வது மரியாதைக்குறைவல்ல. வண்டி ஓட்டுபவர் இந்த மேசைக்கே வர வேண்டாம்.

மூன்று பாட்டிலிலும் நிறைய மிஞ்சும். சுத்தமாகக் கழுவிக் காயவைத்த 375 மில்லி பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றி, காற்றே இல்லாமல் மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஷிராஸ் நான்கைந்து நாள் தாங்கும், பினோ இரண்டு நாள். மறுநாள் துவர்ப்பு கொஞ்சம் இறங்கி ஷிராஸ் இன்னும் நன்றாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. பழ வாசனை போய் வெட்டிவைத்த ஆப்பிள் வாடையோ வினிகர் வாடையோ வந்துவிட்டால் குடிக்க வேண்டாம், அது ஆட்டுக்கறி ஊறவைக்க ஆகும்.